கப்பல் படத்தில் வசனம் இல்லாதவர்

டப்பிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் போன வாரம் என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதி உதட்டசைவைப் பற்றியவை. வாய் மூடும் இடத்தில் 'ப' வைப்பதா 'ம' வைப்பதா என்பதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. என் சர்வீஸில் ஒரே ஒரு முறை எனக்கு மெமோ வந்தது. படத்தில் இல்லாத வசனத்தைப் பேசியதற்காக. அந்தக் கதையை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வதில் நான் ஏதோ வீரன் மாதிரி இருப்பேன். நடந்தது அப்படி இல்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டுடியோவுக்கு வருவதற்கு முன் பத்து வருஷம் அரசாங்கப் படக்காட்சி வேனில் இருந்தேன். ஆபீஸ் வேலூரில். கண்ணமங்கலம், அமிர்தி, போளூர், அதற்கு மேல் ஜவ்வாது மலை, இதுதான் எங்கள் சுற்று. வேனில் இரண்டே பேர். ஒருவர் நான். இன்னொருவர் வாணியம்பாடிக்காரர். வண்டியும் அவர்தான் ஓட்டுவார், புரொஜெக்டரும் அவர்தான் ஓட்டுவார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். காகிதத்தில் நான் அவருக்கு மேலதிகாரி.

முதலில் அம்மை ஊசி, சிறுசேமிப்பு என்று ஏதாவது செய்திப்படம் போடுவோம். அதற்குக் கூட்டம் நிற்காது. நிற்க வைப்பதற்காகக் கடைசியில் ஒரு கதைப்படம் இருக்கும். எங்களுக்குக் கொடுத்திருந்தவை பெரும்பாலும் பழைய இங்கிலீஷ் படங்கள். புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு, திரையில் பேசப் பேச நான் தமிழில் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு வரியைப் பத்து தடவை அடித்து எழுதுகிறீர்கள். எனக்கு ஒரே தடவைதான். வாயிலிருந்து போனது போனதுதான்.

அந்த வருஷம் எங்களிடம் இருந்தது ஒரு கப்பல் படம். கருப்பு வெள்ளை. சரக்குக் கப்பல் ஒன்று நடுக்கடலில் போகிறது. மேல்தளத்தில் வெள்ளைக்கார மாலுமிகள். கீழே, இருட்டில், அடுப்புக்குக் கரி தள்ளுகிறவர்கள். கீழே இருப்பவர்கள் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள். ஆப்பிரிக்காக்காரர், அரபுக்காரர், சீனர், தலைப்பாகை கட்டிய நம்மூர்க்காரர் ஒருவர். மேலே இருப்பவன் கீழே இருப்பவனோடு பேசக் கூடாது என்பது கேப்டன் உத்தரவு. தண்ணீர் குறைகிறது. மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. கீழே காய்ச்சல் பரவுகிறது. கேப்டன் கீழ்க்கதவைப் பூட்டச் சொல்கிறார். கடைசியில் மேல்தளத்து மாலுமி ஒருவன் பூட்டை உடைத்துத் தண்ணீர் வாளியோடு இறங்குகிறான். எல்லாருமாக அடுப்பை அணைத்துவிட்டு உட்காருகிறார்கள். கப்பல் நிற்கிறது. கேப்டன் முதல் முறையாகப் படியிறங்கி வருகிறார்.

நல்ல படம்தான். ஆனால் முப்பது தடவை பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெரிந்தது. படம் எடுத்தவர்கள் எல்லா நாட்டு ஆட்களையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள், வசனத்தை மட்டும் எல்லாருக்கும் கொடுக்கவில்லை. வெள்ளைக்கார மாலுமிதான் நியாயம் பேசுவான். ஆப்பிரிக்காக்காரருக்கு ஒரு பாட்டு. சீனருக்கு வழுக்கி விழும் வேலை. நம்மூர்க்காரருக்கு ஒன்றுமே இல்லை. மூன்றாவது ரீலில் அவரைக் காய்ச்சலோடு மேலே தூக்கிவந்து கேப்டன் முன்னால் கிடத்துவார்கள். அவர் கேப்டனைப் பார்த்து ஏதோ சொல்வார். உதடு நன்றாக அசையும். சத்தத்தில் வெறும் வயலின்தான் இருக்கும். கேப்டன் கையை ஆட்டுவார். திரும்பக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். அதற்குப் பிறகு அவர் படத்தில் வரமாட்டார்.

அந்த உதட்டசைவு எனக்குக் கிடைத்த விளையாட்டுச் சாமான். யார் சரிபார்க்கப் போகிறார்கள்? ஊருக்கு ஒரு வசனம் வைத்தேன். போளூர்ப் பக்கம், "அய்யா, ஊர்ல என் பொண்டாட்டி கோழிக்கொழம்பு வெச்சிருப்பாளே!" என்பேன். கூட்டம் உருண்டு சிரிக்கும். செத்துக்கொண்டிருக்கும் ஆளை வைத்துச் சிரிக்க வைக்கிறோம் என்று எனக்கு உறைத்ததே இல்லை. கைதட்டல் வந்தது, போதும் என்றிருந்தேன்.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். மாசி மாதம். ஜமுனாமரத்தூரில் காட்சி முடித்துவிட்டு மறுநாள் காலை போளூருக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். அந்த மாதத்தில் பெய்யக் கூடாத மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில், சாலையை ஒட்டி ஒரு கடுக்காய்க் கிடங்கு. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டுமே, மலையில் பொறுக்கியதையெல்லாம் அங்கே காயவைத்து மூட்டை கட்டி வாணியம்பாடிக்கு அனுப்புவார்கள். கிடங்கு வாசலில் லோடுக்காக ஒரு லாரி சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. நனைந்தால் கடுக்காய் கறுத்துவிடும் என்பதால் மழை விடும்வரை லோடு ஏற்ற முடியாது. லாரி நகராமல் எங்கள் வேனும் போக முடியாது.

கிடங்கைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் குடையோடு வந்தார். மலைக்குக் கீழே சமவெளிக்காரர், ஐம்பது வயது இருக்கும், மரியாதையான பேச்சு.

"இன்னா சார், மழையில நின்னுகினு? உள்ள வாங்க. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போலாம். நம்ம ஆளுங்களும் சும்மாத்தான் குந்திகினு கீறாங்க. ஒரு படம் போடுங்களேன்."

சாப்பாடு போட்டார். கதவைச் சாத்தினால் கிடங்கு பகலிலேயே இருட்டாகத்தான் இருந்தது. கூடுதலாக ஒரு காட்சி என்று டைரியில் எழுதிக்கொள்ளலாம். சரி என்றேன்.

உள்ளே நாற்பது பேர் இருப்பார்கள். இரண்டு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் கடுக்காய் பொறுக்கிப் பிரிக்கும் மலைக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள். அந்தப் பக்கம் மூட்டை தூக்கக் கண்ணமங்கலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து கூட்டிவந்த ஆண்கள். நடுவில் ஆள் நடக்கும் அளவு இடம். தண்ணீர்ப் பானையும் இரண்டு. மலைக்காரர்கள் மூட்டை தூக்குகிறவர்கள் பானையைத் தொடமாட்டார்கள், தங்கள் பானையைத் தொடவும் விடமாட்டார்கள்.

நான் பார்ப்பதைக் குத்தகைக்காரர் கவனித்தார். "அவுங்க வேற, இவுங்க வேற சார். ஒண்ணா உட்டா வேல ஆவாது" என்றார். நடுவில் ஓடிய அந்த வாய்க்காலை வெட்டியது அவர் இல்லை, அது முன்பே இருந்தது. அதில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டவர் அவர்.

கிடங்கை ஒட்டிய கொட்டகையில் ஒரு ஆள் கோணிமேல் படுத்திருந்தார். ஜெனரேட்டர் வயரை இழுக்கப் போனபோது பார்த்தேன். மூட்டை தூக்குகிறவர், ஏழுமலை என்று பெயர். மூன்று நாளாகக் காய்ச்சலாம், பல் கிட்டியிருந்தது. லாரியில் கீழே அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். லோடு ஏறினதும் அனுப்புகிறேன் என்று குத்தகைக்காரர் சொல்லியிருக்கிறார். அதற்குள் மழை. நான் அவரைப் பார்த்தேன், வயரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நம் துறை இல்லை என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது.

இரண்டு ரீல் ஓடியது. கடலையே பார்க்காதவர்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். ரீல் மாற்றும் இடைவெளியில் குத்தகைக்காரர் பெஞ்சிலிருந்து என் பக்கம் சாய்ந்தார்.

"சார், கேப்டனை ரொம்பக் கெட்டவனாக் காட்டாதீங்க. இங்க கீறது எல்லாம் கூலி ஆளுங்க. நீங்க போய்ட்டுவீங்க, நாளைக்கு இவுங்கள வெச்சு வேல வாங்கணும் நானு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

மிரட்டவில்லை. கேட்டுக்கொண்டார். அவர் வீட்டுச் சோறு என் வயிற்றில் இருந்தது. அவர் லாரி என் வழியில் இருந்தது. அவர் நாலு அதிகாரிகளைத் தெரிந்தவர் என்பதும் என் கணக்கில் இருந்தது. தலையை ஆட்டினேன்.

மூன்றாவது ரீல். நம்மூர்க்காரரைத் தூக்கிவந்து கேப்டன் முன்னால் கிடத்தினார்கள். உதடு அசைந்தது. கோழிக்குழம்பு வசனத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதில் மைக்கில் சொன்னேன்: "என் தப்புதான் எசமான். சொன்ன பேச்சைக் கேக்காததால வந்தது. மன்னிச்சுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு மலைக்காரப் பெண்கள் நடுவிலிருந்து ஒருத்தி எழுந்து நின்றாள். பச்சையம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். முப்பது வயது இருக்கும். அவள் தலை நிழல் திரையில் கேப்டன் மேல் விழுந்தது.

"சாரு, அந்தாளு அப்பிடிச் சொல்லலியே."

"படத்துல அப்பிடித்தாம்மா இருக்குது. உக்காரு" என்றேன்.

"மன்னிப்புக் கேக்கறவன் மூஞ்சியா அது? அவன் தண்ணி கேக்கறான்."

அந்தப் பக்கத்திலிருந்து, மூட்டை தூக்குகிறவர்கள் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆமாங்க. தண்ணிதான் கேக்கறாரு. எங்களுக்கும் அப்பிடித்தான் தெரியுது."

"இன்னொரு தபா காட்டுங்க" என்றாள் பச்சையம்மா.

"நேரம் ஆவுது, மேல ஓட்டுங்க சார்" என்றார் குத்தகைக்காரர்.

புரொஜெக்டர் நின்றது. பாய் நிறுத்தியிருந்தார். "ஃபிலிம் சிக்கிக்கிச்சு" என்றார். சிக்கவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பல்பு வெளிச்சத்தில் ரீலைக் கையால் பின்னுக்குச் சுற்றினார். சுற்றி முடித்து, விரலை ஸ்விட்ச்மேல் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமல் ஓட்ட அவருக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

உங்களில் சிலர் கேட்பீர்கள்: அந்த இடத்தில் "தண்ணீர்" என்று சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் கிடங்கே கைதட்டியிருக்கும். நானும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் அதுவும் என் கைச்சரக்குதானே. சற்று முன் குத்தகைக்காரருக்காக ஒன்றை வைத்தேன், இப்போது இவர்களுக்காக இன்னொன்றை வைப்பேன். திரையில் கிடக்கும் அந்த ஆளுக்கு இரண்டிலும் பங்கில்லை.

மைக்கை எடுத்தேன். "நான் சொன்னது தப்பு. இந்த இடத்துல அவருக்குப் பேச்சு கிடையாது. படம் எடுத்தவங்க எழுதல. நானாத்தான் சேத்துச் சொன்னேன்."

நான் பயந்தது நாற்பது பேருக்கு அல்ல, குத்தகைக்காரர் ஒருவருக்குத்தான். அவர் பெஞ்சில் என் பக்கம் திரும்பவே இல்லை.

பாய் ஓட்டினார். உதடு அசைந்தது. நான் பேசவில்லை. வயலினைக் கூட பாய் குறைத்துவிட்டார். அந்தச் சில நொடிகளில் கிடங்கில் யாரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஓடிய ரீல்களில் இருந்த வசனத்தை மட்டும், இருந்தபடி சொன்னேன்.

படம் முடிந்து கதவைத் திறந்தபோது மழை விட்டிருந்தது. குத்தகைக்காரர், "ஆங், லோடு ஏத்துங்க, ஜல்தி" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. பச்சையம்மா நேரே என்னிடம் வந்தாள்.

"சாரு, வேன்ல எடம் கீதா? அந்த ஆளு கொட்டாயில கெடக்கறாரு. லாரி லோடாயி எறங்கறதுக்குள்ள பொழுது போய்டும்."

"கவர்மென்ட் வண்டிம்மா. வெளியாளை ஏத்தக் கூடாது" என்றேன். அது உண்மை. விதி புத்தகத்திலேயே இருக்கிறது. முதல் வாயில் எனக்கு வந்தது அதுதான் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

அவள் போகவில்லை, கெஞ்சவும் இல்லை. நின்றாள். நான் பாயைப் பார்த்தேன். அவர் சொல்லட்டும், அவர் மேல் போட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். பாய் வயரைச் சுருட்டிக்கொண்டே, "இன்சார்ஜ் நீங்கதான் சார்" என்றார். ஏழு வருஷத்தில் அன்றைக்குத்தான் என்னை சார் என்றார்.

"ஏத்துங்க" என்றேன்.

குத்தகைக்காரர் சிரித்தார். "ஏத்திக்குங்க சார், வேணாங்கல. ஆனா லோடு ஏறாம லாரி நவுராது. எப்பிடிப் போவீங்க?"

அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்களில் வயதானவர் ஒருவர் தோள் துண்டை எடுத்துத் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். "லாரி நவுந்து வேனுக்கு வழி உட்டாத்தான் மூட்ட ஏறும்" என்றார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். இது அவர்களுடைய ஆள் விஷயம், அவர்கள் உட்கார்ந்தது எனக்கு வியப்பில்லை. மலைக்காரப் பெண்கள் கூடையைக் கீழே வைத்ததைத்தான் குத்தகைக்காரர் எதிர்பார்க்கவில்லை. "உங்களுக்கு இன்னாடி? அவன் உங்க ஆளா?" என்று கேட்டார். யாரும் கூடையை எடுக்கவில்லை.

அவர் இரக்கப்பட்டார் என்று சொல்லமாட்டேன். அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். அடுத்த மழை வருவதற்குள் சரக்கு தார்ப்பாய்க்குள் போக வேண்டும். டிரைவரைக் கூப்பிட்டு, "பின்னால எடுத்து ஓரமா நிறுத்து" என்றார். லாரி நகர்ந்ததும், சொன்னபடி எல்லாரும் எழுந்து மூட்டைக்குப் போனார்கள். அதனால் ஏழுமலையோடு வர ஆண்களில் யாருக்கும் தோதில்லை. பச்சையம்மா ஏறிக்கொண்டாள். திரைத்துணிச் சுருளை அவர் தலைக்கு அணையாக வைத்தாள். வளைவுகளில் அவர் உருளாமல் இருக்கத் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்திருந்த சொம்பிலிருந்து அவர் வாயில் ஊற்றினாள். மீதியைத் தானும் குடித்தாள். நான் முன்சீட்டில் இருந்தேன், கண்ணாடியில் தெரிந்தது.

ஏழுமலை பிழைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது அவர் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கிடங்கில் பானை அப்போதும் இரண்டாகத்தான் இருந்தது. பச்சையம்மாவை அங்கே வேலைக்குச் சேர்க்கவில்லை என்றார்கள். புளிச் சீசனுக்கு வேறு ஒருவரிடம் போயிருந்தாளாம். நான் அவளைப் பிறகு பார்க்கவில்லை.

மெமோ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் இல்லாத வசனங்களைச் சொல்லிக் கூலியாட்களைத் தூண்டிவிட்டேன் என்று குத்தகைக்காரர் புகார் கொடுத்திருந்தார். அதிகாரி கூப்பிட்டு, "இல்லாத வசனம் சொன்னீங்களா?" என்றார். "சொன்னேன் சார், ஒரு வரி" என்றேன். எந்த வரி, யாருக்காகச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் புகாரை இன்னொரு முறை படித்தார். பிறகு வெளியாளை வேனில் ஏற்றியதற்கு மட்டும் எச்சரிக்கை எழுதினார். கப்பல் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இந்தத் தொழிலில் உங்கள் முன்னாலும் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் தயாரிப்பாளராக இருக்கலாம், விளம்பரக்காரராக இருக்கலாம், மரியாதையாகத்தான் கேட்பார். தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் கண்ணில் படமாட்டார்கள். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வசனம் எழுதப்படாத ஆளுக்கு எழுதித்தருவது கொடை மாதிரி தெரியும். எழுதுவதற்கு முன் அதை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தக் கிடங்குக்குப் போகும்வரை நான் பார்க்கவில்லை.

சொல்லாமல் விட்டது போளூரில் நடந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் நல்ல மனிதர்தான், கையில் படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். பெயர், வயது, ஊர். பச்சையம்மாவுக்குப் பெயர் மட்டும் தெரிந்தது.

"நீ அவருக்கு இன்னா ஆவணும்மா?"

அவள் யோசித்தாள். "ஒரே கெடங்குல வேல செய்றோம்."

"அது இல்லம்மா. ஒறவு இன்னா? கூடப் பொறந்தவரா, வூட்டுக்காரரா? இந்தக் கட்டத்துல ஒறவு எழுதணும்."

"ஒரே கெடங்குல வேல செய்றோம்னு சொன்னேனே."

"அது ஒறவு கெடையாதும்மா."

"அப்ப நீயே ஒண்ணு எழுதிக்க" என்றாள் பச்சையம்மா. "மொதல்ல ஆள உள்ள எட்த்துக்கினு போ."

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொன்னார்.